திங்கட்கிழமை மௌனம்

உச்சிக்காலப் பூஜை முடிந்ததும் திருக்கோயில் நடை சாத்தப்படுகிறது. இரவில் பள்ளியறைப் பூஜை நிகழ்கிறது. ஓய்வையும் வழிபாட்டின் அங்கமாகவே நம் ஆலய மரபு வகுத்துள்ளது.

தீண்டாமை ஒழியவும் ஆலயக் கதவுகள் அனைவருக்கும் திறக்கவும் வேண்டி, 1933 நவம்பரில் காந்தியடிகள் யாத்திரை புறப்பட்டார். ஏறத்தாழ ஒன்பது மாதங்களில் சுமார் 12,500 மைல் பயணம். அவ்வளவு பணிகளுக்கிடையிலும் திங்கட்கிழமை மௌன விரதத்தை அவர் கைவிடவில்லை. அவசியமானவற்றை எழுதிக் காட்டினார். ஓயாத பயணத்தாலும் பேச்சாலும் களைத்தபோது ஓய்வு நாடியே இவ்விரதத்தைத் தொடங்கியதாகவும், ஆன்மிகப் பொருள் பின்னரே சேர்ந்ததாகவும் அவரே கூறியுள்ளார். மதுரை மீனாட்சியம்மன் ஆலயம் 1939 ஜூலை 8 அன்று அனைவருக்கும் திறந்தது.

சமூகத் தொண்டில் உடல் வருந்த உழைக்கும் அன்பர்களே! வாரத்தில் ஒரு பொழுதேனும் குற்றவுணர்வின்றி ஓய்ந்திருங்கள். நடை சாத்துவது மீண்டும் திறப்பதற்காகவே அன்றோ!