காபித் தோட்டமும் கண்மணியும்

அருமையான எதனையும் 'கண்ணைப் போல் காக்க வேண்டும்' என்கிறோம். ஆனால் அந்தக் கண்ணை நாம் காக்கின்றோமா?

ஏற்காடு மலையில், கொட்டச்சேடு பகுதித் தோட்டங்களில் கார்த்திகை, மார்கழி மாதங்களில் காபிப் பழம் பறிக்கும் வேலை மும்முரமாக நடைபெறும். வளைத்துப் பிடித்த கிளை கைநழுவி நிமிர்ந்து கண்ணில் அடிப்பதுண்டு. 'சிறு கீறல்தானே' என்று முந்தானையை ஊதி ஒற்றடமிட்டு, வேலையைத் தொடர்கிறோம். தாய்ப்பாலையோ பச்சிலைச் சாற்றையோ விடுவோரும் உளர். கீறல் வழியே கிருமி புகுந்தால் கருவிழியில் புண் உண்டாகும். புண் ஆறினாலும் வெண்தழும்பு நின்று பார்வையை மறைக்கும். 'கண்ணில் பூ விழுந்துவிட்டது' என்று ஊரார் சொல்வது இதனைத்தான்.

இதனைத் தடுக்க இயலுமா? நேபாளத்தின் பக்தபூர் வட்டாரத்தில் நடந்து, 2001-ஆம் ஆண்டு வெளியான ஆய்வு விடை தருகிறது. கருவிழியில் கீறல் கண்ட 442 பேருக்கு 1 சதவீதக் குளோரம்ஃபெனிகால் கண் களிம்பு, நாளுக்கு 3 முறையாக 3 நாள்கள் இடப்பட்டது. நூற்றுக்கு 96 பேருக்குக் கிருமி தொற்றாமலே கீறல் ஆறியது. காயம்பட்ட 18 மணி நேரத்துக்குள் மருந்திட்ட ஒருவருக்கேனும் புண் வரவில்லை. ஆகவே, அடிபட்ட அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தை நாடுதல் வேண்டும்.

மருத்துவர் களிம்பு தந்தால், கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். கீழ் இமையைத் தாழ்த்தி, குழாயின் முனை கண்ணில் படாதவாறு அரிசியளவு களிம்பை இமையின் உட்புறம் இட்டு, சற்று நேரம் கண்ணை மூடியிருங்கள். பார்வை சில நிமிடம் மங்கும், அஞ்ச வேண்டாம். வலி நின்றுவிட்டது என்று இடையில் நிறுத்தாதீர்கள். ஒருவர் களிம்பை மற்றவர் இடலாகாது.

எனினும் இது சர்வரோக நிவாரணி அன்று. பாக்டீரியாக் கிருமிகளையே இது அடக்கும். 'மெட்ராஸ் ஐ' பெரும்பாலும் வைரஸால் வருவது. அதற்கு இது பயன்படாது. இலை, சுள்ளி பட்ட காயத்தில் காளான் கிருமியும் புகக்கூடும்; அதற்கு வேறு மருந்து தேவை. கடையில் தாமாகவே ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து வாங்கி விடுவது புண்ணை வளர்க்கும். வலி, சிவப்பு, கூச்சம் மிகுந்தாலோ, கருவிழியில் வெண்புள்ளி தோன்றினாலோ, மறுநாள் கூலியை எண்ணித் தயங்காமல் மலையிறங்கிச் சேலத்தில் கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒரு நாள் கூலியை மறுநாள் ஈட்டலாம். இழந்த பார்வையை ஈட்ட முடியுமா?