கல்மரத்துக்கு ஒரு கடன்

பெரம்பலூர் ஜில்லாவிலே சாத்தனூர் கல்மரத்தைப் பார்க்கப் பள்ளிக்கூடத்தில் எங்களை அழைத்துப் போனார்கள். பஸ்ஸில் பாட்டு, பொட்டலத்தில் புளியோதரை! மரம் என்றார்களே, ஏறி விளையாடலாம் என்று போனால், படுத்துக் கிடந்தது ஒரு நீளக் கல். வந்த ஆத்திரத்தில் பக்கத்தில் கிடந்த சில்லு ஒன்றை நிஜார்ப் பையில் போட்டுக்கொண்டேன்.

25 வருஷம் கழித்து, சென்ற மாதம் என் மகளுடன் மறுபடியும் போனேன். சின்ன வயதில் பார்த்ததெல்லாம் பிறகு சிறுத்துப் போகும் அல்லவா? அதே 18 மீட்டர் மரந்தான், ஆனால் வளர்ந்திருந்தது!

காரணம் இல்லாமல் இல்லை. ஏறக்குறைய 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. அதில் வந்து விழுந்த மரம் சேற்றில் புதைந்தது. நீரில் கரைந்திருந்த சிலிகா அணு அணுவாக ஊறி அதைக் கல்லாக்கியது. 1940-ல் இதைக் கண்டறிந்து சொன்னவர் புவியியல் அறிஞர் டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன். அரியலூர் சிமெண்டு ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் தருவதும் அந்தப் பழைய கடல்தான்.

மகள் குனிந்து ஒரு சில்லை எடுத்தாள். "எடுத்துக்கட்டுமாப்பா?"

நான் பதில் சொல்லவில்லை. பையிலிருந்த பழைய சில்லை எடுத்து மரத்தருகே வைத்தேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "திருடினியாப்பா?"

"ஆமாம்மா. வந்தவர்களெல்லாம் ஆளுக்கொன்று எடுத்திருந்தால், இன்று உனக்குக் காட்ட மரம் ஏது?"

அவளும் தன் சில்லைக் கீழே வைத்துவிட்டாள்.