கூடுதல் விலை யாரிடம் போய்ச் சேருகிறது?

உற்பத்தி நின்றுபோன ஒரு பொருளுக்கு, அது கடையில் தாராளமாகக் கிடைத்த காலத்து விலையைவிடப் பல மடங்கு கொடுக்கலாமா? பழைய கைக்கடிகாரம், பழைய பேனா, பழைய இசைத்தட்டு என எதைக் குறித்தும் இக்கேள்வியைக் கேட்கலாம். மேலைநாடுகளில் 'பைப்' எனப்படும் சுங்கான் புகைப்போர் நடுவே இது சில ஆண்டுகளாகக் கூர்மையாக எழுந்துள்ளது. லண்டனில் பிறந்த டன்ஹில் என்ற பெயரில் நெடுங்காலம் விற்கப்பட்ட கலவைப் புகையிலைகளின் உற்பத்தி 2018-ஆம் ஆண்டையொட்டி நின்றது. அதே 2018-இல் அமெரிக்காவின் மெக்கிளெலண்ட் நிறுவனமும் தன் தொழிலை மூடியது. அதன்பின் இவற்றின் பழைய டப்பாக்கள் அரும்பொருள்களைப்போல விலைபேசப்பட்டன.

சுங்கான் புகைக்கும் பழக்கம் அரிதாகிவிட்ட நம் ஊரில் இதைப் பற்றி எழுதுவானேன் என்று வாசகர்கள் கேட்கக்கூடும். சுங்கான்தான் நமக்குப் புதிது. புகையிலைக்குக் கூடுதல் விலை கொடுத்த அனுபவம் நாஞ்சில் நாட்டுக்குப் பழையது. திருவிதாங்கூரின் பகுதியாகவும், பின்னர் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியின் பகுதியாகவும் இருந்த இந்த மண்ணில், வெற்றிலையோடு சேர்த்து மெல்ல யாழ்ப்பாணப் புகையிலைக்குத் தனி மதிப்பு இருந்தது. அந்த வரலாற்றைப் பார்த்தால், மேற்கண்ட கேள்விக்கு விடை காணும் வழி புலப்படும்.

டச்சுக்காரர்கள் இலங்கையின் கரையோரத்தை ஆண்ட காலத்திலேயே யாழ்ப்பாணத்திலிருந்து திருவிதாங்கூருக்குக் கடல் வழியாகப் புகையிலை வந்துகொண்டிருந்தது. யாழ்ப்பாணத்தின் செம்மண் தோட்டங்களில் கிணற்று நீர் இறைத்து, ஆட்டெருவும் மாட்டெருவும் தழையும் இட்டு, ஏறக்குறைய ஒரு குழந்தையைப்போலப் பேணி வளர்க்கப்பட்ட பயிர் அது. அறுத்த இலையைக் குடிலில் தூக்கிக் கட்டி, தேங்காய் மட்டையும் பன ஊமலும் எரித்துப் புகையூட்டிப் பதப்படுத்துவார்கள். இங்கு அனுப்பப்பட்ட வகைக்கு அங்கே 'மலையாளப் புகையிலை' என்றே பெயர் வழங்கியது. வாங்குபவர் நாட்டின் பெயரையே பண்டம் தாங்கி நின்றது என்றால், அந்தச் சந்தை அவர்களுக்கு எவ்வளவு முதன்மையானது என்பதை ஊகிக்கலாம்.

ஆனால், நம் முன்னோர் அந்த இலைக்குக் கொடுத்த விலை முழுவதும் இலையின் விலையன்று. மிளகைப்போலவே புகையிலையும் திருவிதாங்கூர் அரசின் முற்றுரிமைப் பண்டமாக இருந்தது. அரசே கொள்முதல் செய்து, தன் பண்டகசாலைகள் வழியாகத் தானே விலை வைத்து விற்றது. வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் இடைப்பட்ட தொகை கருவூலத்தின் முக்கிய வருவாய்களில் ஒன்று. இவ்வளவு பெரிய விலை வேறுபாடு இருக்கும் இடத்தில் கள்ளக்கடத்தல் வராமல் இராது, வந்தது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்தால் நாஞ்சில் நாடு என்பதால், எல்லையோர மக்களுக்கு இது அன்றாடச் செய்தியாகவே இருந்திருக்கும்.

திவான் மாதவராவ் 1860-இல் மிளகு முற்றுரிமையையும், 1863-இல் புகையிலை முற்றுரிமையையும் ஒழித்தார். வணிகர்கள் தாமே புகையிலையைக் கொண்டுவரலாம். ஆனால், இறக்குமதித் தீர்வை செலுத்த வேண்டும். அத்தீர்வை யாழ்ப்பாணம், திருநெல்வேலி, கோயம்புத்தூர் என இலையின் ஊர் பார்த்து, கண்டி எடைக்கு இவ்வளவு என்று விதிக்கப்பட்டது. 1865-இல் பிரிட்டிஷ் இந்தியாவுடனும் கொச்சியுடனும் ஏற்பட்ட வணிக உடன்பாட்டின்படிப் பெரும்பாலான பண்டங்களுக்கு எல்லைச் சுங்கம் நீங்கியபோதும், புகையிலை விதிவிலக்காகவே நீடித்தது. மற்றவற்றை விட்டுக்கொடுத்த அரசு இதை மட்டும் விடாததற்குக் காரணம் எளிது. விலை ஏறினாலும் மக்கள் வாங்குவதைக் குறைக்காத பண்டத்தின் மீது விதிக்கப்படும் வரியே அரசுக்கு உறுதியான வருவாய். பழக்கத்துக்கு அடிமையாக்கும் பொருள்கள் எல்லாம் இவ்வகையைச் சேர்ந்தவை.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. எடையை அளவாகக் கொண்டு ஒரே தீர்வை விதிக்கும்போது உயர்ந்த சரக்குக்கும் தாழ்ந்த சரக்குக்கும் இடையிலான விலை விகிதம் மாறிவிடுகிறது. கணக்குக்காக மட்டும் எண்களை வைத்துக்கொள்வோம்: விளைந்த ஊரில் நல்ல இலை 100 ரூபாய், சாதாரண இலை 50 ரூபாய். அங்கே நல்லதன் விலை மற்றதைப்போல இரு மடங்கு. இரண்டின் மீதும் 100 ரூபாய் தீர்வை ஏறினால் இங்கே அவை 200, 150 ரூபாய் ஆகின்றன. இப்போது நல்ல இலையின் விலை மூன்றில் ஒரு பங்குதான் கூடுதல். எப்படியும் தீர்வை கட்டியாக வேண்டும் என்னும்போது நல்லதையே கட்டிக்கொண்டு வருவோம் என்று வணிகர் நினைப்பார். வாங்குபவரும் அவ்வாறே நினைப்பார். அமெரிக்கப் பொருளியலறிஞர்கள் ஆல்ச்சியன், ஆலன் ஆகிய இருவரும் 1964-இல் தம் பாடநூலில் விளக்கிய விதி இது. வேலி போட்ட சந்தைக்கு உயர்ந்த சரக்கே வந்து சேர முற்படும். யாழ்ப்பாணப் புகையிலை என்றால் உயர்வானது என்ற எண்ணத்தை மண்ணும் உழைப்பும் மட்டுமன்றி இந்தத் தீர்வை முறையும் வலுப்படுத்தியிருக்க வாய்ப்புண்டு.

ஆக, அன்று கொடுக்கப்பட்ட கூடுதல் விலையைப் பிரித்துப் பார்த்தால் ஒரு பகுதி குடியானவரின் உழைப்புக்கு, ஒரு பகுதி கப்பலுக்கும் வணிகருக்கும், ஒரு பெரும்பகுதி அரசின் கருவூலத்துக்கு. மென்றவரோ அத்தனையும் இலையின் பெருமைக்குக் கொடுத்ததாகவே எண்ணியிருப்பார். அதிக விலையை உயர்ந்த தரத்துக்குச் சான்றாகக் கொள்வது மனித இயல்பு. விலை உயர்வே சில பொருள்களுக்குக் கவர்ச்சி ஆகிவிடுகிறது என்பதை தோர்ஸ்டைன் வெப்ளன் 1899-லேயே எடுத்துக்காட்டினார்.

இந்தியா, இலங்கை இரண்டும் விடுதலை பெற்றபின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகின. யாழ்ப்பாணத்து உழவர்களும் வணிகர்களும் கூட்டுறவுச் சங்கம் அமைத்துக் காத்துவந்த அந்த வாணிபம் தேய்ந்தது. தோட்டக்காரர்கள் வெங்காயம், மிளகாய் போன்ற பயிர்களை நாடினார்கள். இங்கோ, வாய்கள் வேதாரண்யம் போன்ற இடங்களின் இலைக்குப் பழகிக்கொண்டன. யாழ்ப்பாண இலை இல்லாவிட்டால் வெற்றிலை இறங்காது என்று சொன்ன தலைமுறைக்குப் பின்வந்த தலைமுறை, அது இல்லாமலே வெற்றிலை போட்டது. ஈடு செய்ய முடியாதது என்று நாம் கருதும் சுவைகளில் பல இத்தகையவையே.

இனி, உற்பத்தி நின்ற பொருளுக்கு வருவோம். கூடுதல் விலை யாரிடம் போய்ச் சேருகிறது என்ற கேள்வியை இங்கும் கேட்க வேண்டும். மெக்கிளெலண்ட் மூடப்பட்டுவிட்டது, அதன் பழைய டப்பா ஒன்றுக்கு இன்று பத்து மடங்கு கொடுத்தாலும் இலையை வளர்த்த உழவருக்கோ, கலவையைச் செய்த தொழிலாளிக்கோ ஒரு காசும் போகாது. வாங்கிப் பூட்டி வைத்தவருக்கே அது முழுவதும் போகும். அந்தப் பணத்தால் உலகில் ஓர் இலைகூடக் கூடுதலாக விளையாது. சாதாரணமாக விலை ஏறினால் உற்பத்தி பெருகும். பெருகினால் விலை இறங்கும். நின்றுபோன பொருளில் இந்தச் சங்கிலி அறுந்துவிடுகிறது.

அதைவிடத் தொல்லை, வாங்கும் பொருளைச் சோதிக்க முடியாமை. மூடிய டப்பாவுக்குள் இருப்பது எந்த நிலையில் இருக்கிறது என்பது விற்பவருக்கே தெரியாமல் இருக்கலாம். திறந்து பார்த்தால் அதன் விலை போய்விடும். வர்ஜீனியா வகை இலை ஆண்டுக்கணக்கில் மூடியிருந்தால் இனிமை கூடும் என்பார்கள். ஆனால், புகையூட்டிப் பதப்படுத்திய லட்டாகியா இலையின் காரம் காலப்போக்கில் மங்கும். எனவே, பழமை எல்லாப் புகையிலைக்கும் ஒரேமாதிரி உதவுவதில்லை. தரம் விற்பவருக்குத் தெரிந்து வாங்குபவருக்குத் தெரியாத சந்தையில் போலியும் பழுதும் பெருகி, நல்ல சரக்கு ஒதுங்கும் என்பதை ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-இல் விளக்கினார். அதற்காக 2001-இல் நோபல் பரிசையும் பகிர்ந்துகொண்டார். நம் நாட்டிலேயே இதைக் காண்கிறோம். எச்.எம்.டி. கைக்கடிகாரப் பிரிவை மூட 2016-இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்தபின் பழைய 'ஜனதா', 'பைலட்' கடிகாரங்களுக்கு மவுசு கூடியது. உடனே, வெவ்வேறு உதிரிகளைப் பொருத்தி, முகப்புக்கு மறுவண்ணம் பூசியவையும் அசல் என்ற பெயரில் சந்தைக்கு வந்தன.

நின்றது திரும்பவும் வரலாம் என்ற இடரும் உண்டு. டன்ஹில் கலவைகள் நின்ற சிறிது காலத்துக்குள்ளேயே வேறொரு நிறுவனத்தின் கைக்கு மாறி, பீட்டர்சன் என்ற பெயரில் 2019-இல் மீண்டும் கடைக்கு வந்தன. இடைக்காலத்தில் பெரும் விலை கொடுத்தவர்கள் சுவைக்காகக் கொடுத்தார்களா, இனிக் கிடைக்காது என்ற அச்சத்துக்காகக் கொடுத்தார்களா என்பதை அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும். டப்பாவின் மேலுள்ள பெயருக்காகச் சேர்ப்பவரின் கணக்கு வேறு. அது நாணயம் சேர்ப்பதைப் போன்ற பொழுதுபோக்கு. புகைப்பதற்காக வாங்குபவருக்கு என் விடை, பெரும்பாலும் அது தகாத செலவு என்பதே.

புகையிலையைப் பொறுத்தவரை இன்னொன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மெல்லுவதாயினும் புகைப்பதாயினும் அது புற்றுநோயை உண்டாக்கும் என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை ஐயத்துக்கு இடமின்றி வகைப்படுத்தியுள்ளது. அரிய இலை, பழைய இலை, விலை உயர்ந்த இலை என்பதால் இந்த உண்மை மாறாது. 'இதற்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும்' என்று உள்ளிருந்து எழும் குரல் சுவையின் குரலா, நிகோட்டினின் குரலா என்று பிரித்தறிவது எளிதன்று. திருவிதாங்கூர்க் கருவூலம் நிறைந்ததும் அந்தக் குரலால்தான்.

அப்படியானால் அரிய பொருள் எதற்குமே கூடுதல் விலை கொடுக்கலாகாதா? கொடுக்கலாம், சிலவற்றுக்குக் கொடுத்தே ஆக வேண்டும். நின்றுபோன பொருளும் அருகிவரும் பொருளும் ஒன்றல்ல. அருகிவரும் பொருளைச் செய்பவர் இன்னும் உயிரோடு இருக்கிறார். நாம் கொடுக்கும் கூடுதல் விலை அவரைத் தொழிலில் நிறுத்திவைக்கக்கூடும்.

குமரி மாவட்டத்தின் கருப்பட்டியை எடுத்துக்கொள்வோம். பனையேறி ஒருவர் அதிகாலையிலும் மாலையிலும் மரமேறிப் பாளையைச் சீவி, சுண்ணாம்பு தடவிய கலயத்தில் அக்கானி இறக்குகிறார். வீட்டுப் பெண்கள் மணிக்கணக்கில் அடுப்பின்முன் நின்று அதைக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றுகிறார்கள். உயிரைப் பணயம் வைக்கும் இந்த வேலைக்கு இளைஞர்கள் வருவதில்லை. சந்தையிலோ சர்க்கரை கலந்த கருப்பட்டி பாதி விலைக்குக் கிடைக்கிறது. அகெர்லாஃப் சொன்னது இங்கும் நடக்கிறது: கலப்படத்தை நம்மால் கண்டுபிடிக்க முடியாததால் எல்லாவற்றுக்கும் கலப்பட விலையே கொடுக்கிறோம், நல்ல கருப்பட்டி செய்பவர் கட்டுப்படியாகாமல் கலயத்தைக் கவிழ்த்துவிடுகிறார். இன்று அவருக்குக் கூடுதலாகக் கொடுக்கத் தயங்கிவிட்டு, அவர் தொழிலை விட்டபின் பழைய சுவை போயிற்றே என்று ஏங்குவதில் பொருளில்லை.

2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கன்னியாகுமரி மட்டி வாழைப்பழத்துக்கும் இது பொருந்தும். குறியீடு ஒரு பெயர்ப்பலகை மட்டுமே. அந்தப் பெயரால் உயரும் விலை கல்குளம், விளவங்கோடு வட்டத் தோட்டக்காரரின் கைக்குப் போகிறதா, இடைத்தரகரின் கைக்குப் போகிறதா என்பதே அதன் பயனை முடிவு செய்யும். உற்பத்தியாளர் சங்கங்களும், தரச் சோதனையும், நேரடி விற்பனை மையங்களும் இல்லாவிட்டால் குறியீட்டின் விலையும் பழைய புகையிலை விலையைப்போல வழியிலேயே தங்கிவிடும்.

எனவே, அரிதானது என்று சொல்லி யாரேனும் ஒரு பொருளுக்குக் கூடுதல் விலை கேட்டால் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். தட்டுப்பாடு மண்ணாலும் உழைப்பாலும் வந்ததா, வரியாலும் பதுக்கலாலும் வந்ததா? தரத்தை என்னால் சோதித்தறிய முடியுமா? நான் கொடுக்கும் கூடுதல் காசு அந்தப் பொருளைச் செய்பவரிடம் போய்ச் சேருமா? பூட்டிய டப்பாவிலுள்ள பழைய புகையிலை இந்த மூன்றிலும் தோற்கும். தெரிந்த பனையேறியிடம் வாங்கும் கருப்பட்டி மூன்றிலும் தேறும். அவருடைய கருப்பட்டியும் அரும்பொருளாகிக் கண்ணாடிப் பேழைக்குப் போகுமுன் அந்தக் கூடுதல் விலையைக் கொடுத்துவிடுவது நல்லது.