ஓடினால் போதுமா? நிற்க வேண்டாமா?

அமெரிக்காவில் மோட்டார்ப் பித்துக் கொண்டவர்களுக்கு ஒரு விசித்திரப் பொழுதுபோக்கு உண்டு. பழைய கார் ஒன்றை வாங்குவார்கள். அதிலுள்ள எஞ்சினைச் சங்கிலி போட்டு வெளியே தூக்கிவிட்டு, அதைவிட இரண்டு மடங்கு பலமுள்ள எஞ்சினை உள்ளே இறக்குவார்கள்!

1964-ம் வருஷத்து செவர்லே 'செவல்' காரை எடுத்துக்கொள்வோம். அதற்குக் கிடைத்த எஞ்சின்களில் ஒன்று 283 கன அங்குலம், 195 குதிரைசக்தி. 1970-ல் அதே பெயருள்ள காரில் கம்பெனியார் 454 கன அங்குல எஞ்சினை வைத்தார்கள். அதில் உச்ச ரகத்துக்கு 450 குதிரைசக்தி! இந்தப் பெரிய குடும்பத்துக்குத்தான் 'பிக் பிளாக்' என்று பெயர்.

ஆசை யாரை விட்டது? 1967-ல் கமாரோ காருக்குக் கம்பெனி தந்த மிகப் பெரிய எஞ்சின் 396 கன அங்குலம். பென்சில்வேனியாவில் கானன்ஸ்பர்க் என்ற ஊரின் கார் வியாபாரியும் பந்தயக்காரருமான டான் யென்கோ அதில் திருப்திப்படவில்லை. 427 கன அங்குல எஞ்சினைப் பொருத்தியே விற்றார்.

எஞ்சினை மாற்றுவது பிரமாதமான காரியமல்ல. செவர்லேயின் சிறிய எஞ்சினுக்கும் பெரியதற்கும் கியர்ப் பெட்டியோடு சேரும் போல்ட் துளைகள் ஒன்றே. பெரியது நூறு ராத்தல் கூடுதல் கனம். ஆகவே முன் ஸ்பிரிங்கையும் ரேடியேட்டரையும் மாற்ற வேண்டும். அவ்வளவுதான்.

வினை இருப்பது பிரேக்கில்!

வேகம் இரட்டித்தால் நிறுத்த வேண்டிய சக்தி நான்கு மடங்காகும். 1964 செவலுக்கோ நான்கு சக்கரத்திலும் ஒன்பதரை அங்குல டிரம்; மாஸ்டர் சிலிண்டரில் ஒரே அறை. எங்காவது ஒரு குழாய் வெடித்தால் நான்கு பிரேக்கும் போச்சு! இரட்டை அறை 1967 மாடலில்தான் வந்தது. முதலில் வாங்க வேண்டிய சாமான் அதுவே.

பவர் பிரேக் வைத்துக்கொள்ளலாமே என்பீர்கள். எஞ்சின் காற்றை உறிஞ்சுவதால் உண்டாகும் வெற்றிடம்தான் பூஸ்டருக்குப் பலம். பந்தய கேம் ஷாப்ட் போட்ட எஞ்சின் நிதான ஓட்டத்தில் போதிய வெற்றிடம் தராது. இடமும் நெருக்கடி. கம்பெனியாரே சில கார்களில் பூஸ்டர் இடிக்காமலிருக்க வால்வு மூடியின் மூலையைக் குழித்து அனுப்பினார்கள்! ஆகவே பலர் பூஸ்டரைக் கழற்றிவிட்டு, வெறும் கால் பலத்தையே நம்புகிறார்கள்.

நம்பலாம். ஆனால் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். பூஸ்டர் உள்ள காரில் மிதி நம் காலின் பலத்தைச் சுமார் 4 மடங்காக்கினால் போதும். இல்லாத காரில் 6 மடங்கு வேண்டும். இதற்காகவே இந்தக் கம்பெனியின் பல கார்களில் மிதித் தண்டில் இரண்டு துளைகள் இருக்கும். மேல் துளைதான் கால் பலத்துக்கு. கீழ்த் துளையிலேயே விட்டுவிட்டால் கருங்கல்லை மிதிப்பது போலிருக்கும்.

அடுத்தது மாஸ்டர் சிலிண்டரின் விட்டம். சிறிதானால்தான் அழுத்தம் அதிகம்! ஒன்றேகால் அரைக்கால் என்று குழம்ப வேண்டாம்: 1⅛ அங்குலத்தை 1 அங்குலமாக்கினால் அதே மிதிக்குக் கால் பங்குக்கு மேல் அழுத்தம் கூடுகிறது. பதிலுக்கு மிதி கொஞ்சம் ஆழமாக இறங்கும். முன் சக்கரத்தில் டிஸ்க் போட்டவர்களுக்கு இது அவசியம். சுழலும் டிரம் தன் கட்டையைத் தானே இழுத்து அழுத்திக்கொள்ளும், டிஸ்க்குக்கு அந்த உபகாரம் கிடையாது.

உயிருக்கே உலை வைக்கும் சங்கதி ஒன்று உண்டு. மிதித் தண்டு போய் உட்காரும் பிஸ்டனின் குழி, கால் பிரேக்குக்கான சிலிண்டரில் ஆழமாக இருக்கும். பவர் பிரேக் ரகத்தில் மேலோட்டமாக இருக்கும். வெளித் தோற்றத்தில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்! மாற்றிப் பொருத்தினால் ஓடும்போது தண்டு நழுவி விழலாம். மிதி தரையைத் தொடும், கார் நிற்காது. தண்டு அளவுக்கு மிஞ்சி நீளமானாலும் ஆபத்துதான்: பிஸ்டன் முழுதும் பின்வாங்காது, பிரேக் பிடித்தபடியே காய்ந்து புகையும்.

அதனால் விவரமறிந்த மெக்கானிக் வாங்கிய சிலிண்டரை அப்படியே மாட்டுவதில்லை. குழிக்குள் ஒரு குச்சியை விட்டு ஆழம் பார்ப்பார். மாட்டிய பின்பும், தண்டுக்கும் பிஸ்டனுக்கும் மயிரிழை இடைவெளி இருக்கிறதா என்று மிதியைக் கையாலேயே அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் சாவியைத் தொடுவார்.