கோடரிக்கு முன் ஒரு மனு

ஜவ்வாது மலையில் நில அளவராக வேலை பார்த்த காலத்தில் என்னிடம் வந்த எல்லைத் தகராறுகளில் பல, உண்மையில் மரத் தகராறுகள். "எல்லை அளக்கணும்" என்று ஜமுனாமரத்தூர் தாலுகா அலுவலகத்தில் மனு கொடுப்பார்கள். சங்கிலியோடு போய் நின்றால், சண்டை ஒரு பலாவுக்கோ புளிக்கோ இருக்கும். காய்க்கிற வரை யாரும் வாய் திறப்பதில்லை. கூரைப் பக்கம் சாயத் தொடங்கியதும்தான் புலப்படம் ஞாபகத்துக்கு வரும்.

ஒரு பலா இன்னும் கண்ணில் நிற்கிறது. அடிமரத்தில் கை நுழையும் பொந்து. கொடுவாளின் பின்புறத்தால் தட்டினால் காலிப் பானைச் சத்தம். சாய்வுக்கு எதிர்ப்புறம் மண் வெடித்து, வேர் மேலே தெரிந்தது. கீழே ஓட்டு வீடு. ஓடு உடைந்த இடத்தில் தார்ப்பாய்.

"ராத்திரி காத்தடிச்சா புள்ளைங்கள தூக்கிக்கிட்டு வெளிய ஓடறோம் சார்" என்றார் வீட்டுக்காரர். மரக்காரர் பங்காளி, அண்ணன் முறை. "வருசா வருசம் பழம் துன்னும்போது மரம் நல்லா இருந்துச்சா தம்பி?" என்று கேட்டார்.

சட்டம் இருவருக்குமே பதில் வைத்திருக்கிறது. அடிமரம் எந்தப் புல எண்ணில் நிற்கிறதோ, மரம் அந்தப் பட்டாதாரருடையது. கிளை எங்கே நீண்டாலும் பழமும் விறகும் அவருக்கே. ஆனால் கிளை உங்கள் எல்லைக்குள் வந்துவிட்டால், உங்கள் மண்ணில் நின்றபடி எல்லைக்கோடு வரை கழிக்கலாம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை லெம்மன் - வெப் வழக்கில் ஏற்றுக்கொண்ட நெறி இது. கோட்டைத் தாண்டி ஒரு முழம் வெட்டினாலும், வெட்டியதை அடுப்புக்கு எடுத்துப் போனாலும், வழக்கு உங்கள் மேல் திரும்பும்.

மலையில் இன்னொரு சிக்கல். அரசு அறிவித்த மலைப் பகுதிகளில் மரம் வெட்ட 1955ஆம் ஆண்டுச் சட்டப்படி முன் அனுமதி வேண்டும். சந்தனம் என்றால் சொந்தப் பட்டாவில் நின்றாலும் வனத்துறையைக் கேட்காமல் தொடக்கூடாது. அதனால் கோடரி எடுக்கும் முன் வனச்சரக அலுவலகத்தில் விசாரித்துவிடுவதே புத்தி.

மரமே விழப்போகிறது என்றால் கோட்டாட்சியரிடம் போகலாம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152ஆம் பிரிவு. அக்கம்பக்கத்தில் வசிப்பவர்களுக்கோ வழிப்போக்கர்களுக்கோ காயம் உண்டாக்கும் நிலையில் மரம் நின்றால், அதை அகற்றவோ முட்டுக் கொடுக்கவோ சொல்லி நிபந்தனை உத்தரவு போடலாம். மரக்காரர் குறித்த நாளுக்குள் செய்ய வேண்டும், இல்லையேல் நேரில் வந்து ஆட்சேபம் சொல்ல வேண்டும். இறுதி உத்தரவையும் மீறினால், அதிகாரியே ஆள் வைத்து அகற்றிச் செலவை அவரிடம் வசூலிக்கலாம்.

இந்தப் பிரிவு இரண்டு பேர் பகைக்கான கருவி அல்ல. உச்ச நீதிமன்றமே அப்படிச் சொல்லியிருக்கிறது. ஆகவே மனுவில் "என் வீடு" என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். பள்ளிப் பிள்ளைகள் போகும் தடம், சாமை அடிக்கும் களம் என்று அந்த மரத்தடியில் யாரெல்லாம் நடமாடுகிறார்கள் என்பதையும் எழுதுங்கள். முழுக்கவும் தனிப்பட்ட தகராறு என்றால் உரிமையியல் நீதிமன்றம்தான் வழி.

மரம் விழுந்துவிட்டால் நஷ்ட ஈடு யார் தருவது? 1926இல் இங்கிலாந்தில் நோபிள் - ஹாரிசன் வழக்கில், பீச் மரக்கிளை ஒன்று வாகனத்தின் மேல் முறிந்து விழுந்தது. வெளியே தெரியாத பழுது என்பதால் உரிமையாளர் பொறுப்பல்ல என்றது நீதிமன்றம். 1964இல் டெல்லியில் ஸ்கூட்டரில் போனவர் தலையில் வேப்பங்கிளை விழுந்து அவர் இறந்தார். அந்த மரம் பட்டை உரிந்து, இலையின்றிக் காய்ந்து நின்றது. பார்த்தாலே தெரிகிற ஆபத்தை மாநகராட்சி கவனிக்கவில்லை என்று அதைப் பொறுப்பாக்கியது உச்ச நீதிமன்றம். அந்தத் தீர்ப்பு வந்தது 1999இல்.

இரண்டையும் பிரிப்பது ஒரே கேள்வி: மரக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டுமா, இல்லையா? அதனால்தான் பக்கத்து வீட்டுக்காரர் வாய்ச்சண்டையோடு நிற்காமல் எழுதிக் கொடுக்க வேண்டும் என்கிறேன். பொந்து, சாய்வு, வெடித்த மண் எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுங்கள். மரக்காரருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். அதன் நகலையும் புலப்பட நகலையும் கோட்டாட்சியர் மனுவோடு இணையுங்கள். அதற்குப் பிறகு "எனக்குத் தெரியாது" என்ற பேச்சு எடுபடாது.

வக்கீல் செலவுக்குப் பயந்து பேசாமல் இருப்பவர்கள் மலையில் அதிகம். ஜவ்வாது மலையின் மலையாளி மக்கள் பழங்குடியினர் பட்டியலில் இருப்பவர்கள். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி அவர்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் கிடைப்பார். லோக் அதாலத்தில் சமரசம் ஆனால், அந்த முடிவுக்கு மேல்முறையீடு கிடையாது. பங்காளிகளுக்கு அதுவே நல்லது; மரம் போன பிறகும் ஒரே வரப்பில்தான் நடக்க வேண்டும்.