நர்சு மேல்படிப்பு: எந்தப் பிரிவை எடுப்பது?

சேக்காடு வீடுகளில் ஒரு கேள்வி

ஆவடியை அடுத்த சேக்காடு, மாதச் சம்பளக்காரர்கள் நிறைந்த பகுதி. டாங்கி தொழிற்சாலைக்குப் போகிறவர்கள் ஒரு பக்கம். பட்டணத்து ஆஸ்பத்திரிகளுக்கு நர்சு வேலைக்குப் போகும் பெண்கள் இன்னொரு பக்கம். நைட் டூட்டி முடிந்து, மின்சார ரெயிலில் உட்கார இடம் கிடைத்தால் போதும் என்று திரும்புகிறவர்கள் இவர்கள்.

அந்தப் பெண் ஒரு நாள், "எம்.எஸ்சி. நர்சிங் படிக்கப் போறேம்பா" என்கிறாள். "பீஸ் எவ்வளவும்மா?" என்று அப்பா கேட்கிறார். "என்ன பிரிவு?" என்ற கேள்வி அப்புறம்தான் வருகிறது.

அதுதான் முதலில் வர வேண்டிய கேள்வி. பீசைக் கடன் வாங்கிக் கட்டிவிடலாம். பிரிவு தப்பாகிப் போனால் 2 வருஷம் போச்சு!

சேரும்போதே முடிவு

பி.எஸ்சி. நர்சிங்கில் 55 சதவீத மார்க்கும், அதன் பிறகு 1 வருஷ வேலை அனுபவமும் பொதுவான தகுதி. பிரிவை சேரும்போதே சொல்லிவிட வேண்டும். முதல் வருஷமே அந்தப் பாடம் தொடங்கிவிடும். இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த பிரிவுகள் 5. பொது மருத்துவம்-அறுவை சிகிச்சை, குழந்தை நலம், பிரசவம்-மகளிர் நோய், மனநலம், சமுதாய நலம்.

வேலூரிலும் டெல்லியிலும் நர்சு பட்டப்படிப்பு வந்தது 1946-ல். மேல்பட்டம் டெல்லியில் 1959-ல் வந்தது. அன்றைக்கு எம்.எஸ்சி. நர்சு என்றால் அதிசயம்!

"கீழ்ப்பாக்கமா? வேண்டாம்!"

வீட்டில் சண்டை வருவது மனநலப் பிரிவுக்குத்தான்.

"கீழ்ப்பாக்கத்துக்கா போகப்போறே? நாளைக்குப் பொண்ணு பார்க்க வர்றவங்க என்ன நினைப்பாங்க?" என்று அம்மா தலையில் கை வைத்துக்கொள்வார். கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரி 1871 முதல் அங்கே இருக்கிறது. அந்தப் பெயரைச் சொன்னாலே நம் ஊரில் கேலிதான்.

ஆனால், காலம் மாறிவிட்டது. உடல் நோய்க்கு சமமாக மன நோய்க்கும் சிகிச்சை தர வேண்டும் என்று 2017-ம் ஆண்டு சட்டம் சொல்கிறது. குடி நோயாளி, தற்கொலைக்கு முயன்றவர், மறதி வந்த முதியவர் எல்லோருக்கும் இந்த நர்சு தேவை. அடுத்தவர் பேச்சை அரை மணி நேரம் குறுக்கிடாமல் கேட்கத் தெரிந்த பெண்ணுக்கு இது பொருத்தமான படிப்பு. அம்மாவின் கவலைக்காக இதை விடுவது நஷ்டம்தான்.

"குழந்தைன்னா ரொம்பப் பிடிக்கும்" என்று குழந்தை நலப் பிரிவு எடுக்கிறவர்கள் உண்டு. பிடித்தால் மட்டும் போதாது. ஒரு கிலோ எடையுள்ள சிசுவுக்கு ஊசி போட நரம்பு தேட வேண்டும். மருந்தை மில்லியிலும் பின்னமாக அளக்க வேண்டும். எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரி வார்டில் ஒரு வாரம் நின்றால், தாங்குமா தாங்காதா என்று தெரிந்துவிடும்.

சமுதாய நலத்தை "ஊசி போடாத நர்சு" என்று மட்டம் தட்டுகிறார்கள். வீடு தேடிப் போய் சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்கும் "மக்களைத் தேடி மருத்துவம்" 2021-ல் வந்தது. இந்தப் பிரிவின் வேலையே அதுதான். பொது சுகாதாரப் பயிற்சி நிலையம் பக்கத்துப் பூந்தமல்லியிலேயே இருக்கிறது.

வார்டா? வகுப்பா?

பொது மருத்துவப் பிரிவில் இதயம், புற்றுநோய், நரம்பு, சிறுநீரகம் என்று உட்பிரிவுகள் உண்டு. பெரிய ஆஸ்பத்திரியிலேயே இருக்க நினைப்பவர்களுக்கு இது வசதி.

எம்.எஸ்சி. முடித்தவர்களில் பலர் போவது நர்சிங் கல்லூரிக்கு. எடுத்த பிரிவுதான் அங்கே பாடம் நடத்தும் பிரிவு. கரும்பலகை பிடிக்காது, படுக்கை ஓரம்தான் பிடிக்கும் என்றால் தீவிர சிகிச்சைக்கான "நர்ஸ் பிராக்டிஷனர்" படிப்பு தனியாக இருக்கிறது. அதில் வகுப்பைவிட வார்டுதான் அதிகம்.

"வெளிநாடு போகத்தான்" என்று சொல்கிறவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். லண்டனும் அமெரிக்காவும் கேட்பது நர்சு படிப்பும், மொழித் தேர்வும், அந்த நாட்டுப் பதிவுத் தேர்வும்தான். அதற்கு எம்.எஸ்சி. கட்டாயம் இல்லை.

இன்னொன்று. எல்லாக் கல்லூரியிலும் 5 பிரிவும் கிடையாது. கேட்கும் பிரிவுக்கு அந்தக் கல்லூரிக்கு அனுமதி உண்டா, எத்தனை இடம் என்று கவுன்சில் பட்டியலிலும், டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்திலும் விசாரித்த பிறகே பணம் கட்ட வேண்டும்.