பகிர்ந்த சேமிப்பில் தட்டுகளின் அமைப்பு

திருவனந்தபுரம் மாவட்டம் கள்ளிக்காட்டில் நெய்யாற்றின் குறுக்கே 1958-இல் அமைந்த அணை, நீரை ஓரிடத்தில் தேக்கிக் கால்வாய்கள் வழியே பகிர்ந்தளிக்கிறது. தமிழகத்தின் சங்கிலித்தொடர் ஏரிகளோ நீரைப் பல இடங்களில் பிரித்துத் தேக்குபவை. கணிப்பொறியில் பதிவேடுகளைச் சேமிப்பதிலும் இவ்விரு முறைகளும் உண்டு.

கேரளத்தில் 2022 நவம்பர் 1 அன்று டிஜிட்டல் நில மறு அளவை தொடங்கப்பெற்றது. நில உரிமை, பிறப்பு, இறப்பு முதலிய பதிவுகள் நாடெங்கும் காகிதத்திலிருந்து வன்தட்டுகளுக்கு மாறி வருகின்றன. ஒரு தட்டு பழுதாவதால் ஓர் உழவர் தம் நிலத்துக்கான சான்றை இழத்தல் கூடாது. ஆதலின், தட்டுகளை அமைக்கும் முறையை நிர்வாகத்தினரும் அறிந்திருத்தல் நலம்.

பகிர்ந்த சேமிப்பு

பல கணிப்பொறிகளிலுள்ள தட்டுகளை ஒரே சேமிப்பகம்போல் இயங்கச் செய்வதே பகிர்ந்த சேமிப்பு. இதற்குரிய திறந்த மூல மென்பொருள்களுள் 'செஃப்' குறிப்பிடத்தக்கது. கலிபோர்னியாவின் சாண்டா குரூஸ் பல்கலைக்கழகத்தில் சேஜ் வைல் என்பார் உருவாக்கிய இதன் விளக்கக் கட்டுரை 2006-இல் வெளியாயிற்று. ஜெனீவாவை அடுத்த செர்ன் அணு ஆய்வு நிலையம் இதனை 2013 முதல் பயன்படுத்துகிறது. இம்முறையில் ஒவ்வொரு தட்டுக்கும் தனிக் காப்பாளர் நிரல் ஒன்று உண்டு. ஒவ்வொரு பதிவும் வழக்கமாக மூன்று படிகளாக வெவ்வேறு கணிப்பொறிகளில் வைக்கப்படுகிறது. எப்படி எங்கே உள்ளது என்பதை ஒரு சூத்திரமே கணித்துவிடுவதால், மையப் பட்டியல் ஒன்று தேவைப்படுவதில்லை.

தட்டுகளை ஆயத்தம் செய்தல்

சேர்க்கப்படும் தட்டு முற்றிலும் வெறுமையாக இருத்தல் வேண்டும். பிரிவினைகளோ பழைய கோப்பு அமைப்போ இருப்பின் மென்பொருள் அதனை ஏற்பதில்லை. பயனுள்ள பதிவுகள் தவறி அழியாதிருக்கவே இவ்வேற்பாடு. கிடைக்கும் தட்டுகள் அனைத்தையும் தானே சேர்த்துக்கொள்ளும் கட்டளையும் உண்டு. அது எளிது, ஆயினும் வேறு பணிக்கெனப் பின்னர் பொருத்தப்படும் வெற்றுத் தட்டையும் அது எடுத்துக்கொள்ளும். எனவே எந்தத் தட்டு எதற்கு என்பதை எழுத்தில் வரையறுத்தலே முறை.

வேகத்துக்காகப் பல வன்தட்டுகளின் குறியீட்டுப் பகுதியை ஒரே திண்மத் தட்டில் வைப்பதுண்டு. அத்திண்மத் தட்டு பழுதானால் அதனைச் சார்ந்த வன்தட்டுகள் யாவும் ஒருங்கே பயனற்றுப் போகும். சிக்கனம் எவ்விடத்தில் இடராகிறது என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

கொள்ளளவுக் கணக்கு

ஆறு கணிப்பொறிகள், ஒவ்வொன்றிலும் 8 டெராபைட் கொண்ட பத்துத் தட்டுகள் எனக் கொள்வோம். மொத்தம் 480 டெராபைட். மூன்று படிகள் வைப்பதால் பதிவுகளுக்குக் கிடைப்பது 160 மட்டுமே. அதனையும் முழுதும் நிரப்பலாகாது. தட்டு 85 விழுக்காடு நிரம்பியதும் மென்பொருள் எச்சரிக்கும். 95 விழுக்காட்டில் எழுதுவதை நிறுத்திவிடும்.

எச்சரிக்கை எல்லைவரை, அதாவது 408 டெராபைட் நிரப்பிய நிலையில், ஒரு கணிப்பொறி முழுதும் பழுதாவதாகக் கொள்வோம். எஞ்சிய ஐந்தின் கொள்ளளவு 400 மட்டுமே. இழந்த படிகளை மீண்டும் உருவாக்க இடமிராது. மேல் ஏரி உடைந்து, அந்நீரைத் தாங்காது கீழ் ஏரியும் உடைவதை இது ஒக்கும். ஒன்று பழுதான பின்னும் 85 விழுக்காட்டுக்குள் நிற்க வேண்டுமாயின், முன்னரே 340-க்கு மேல் நிரப்பலாகாது. அஃதாவது 480 வாங்கினால், பாதுகாப்பாகச் சேமிக்கத்தக்கது ஏறத்தாழ 113 டெராபைட். கொள்முதல் மதிப்பீட்டில் இக்கணக்கு இடம்பெறல் வேண்டும்.

ஒவ்வொரு பதிவையும் நான்கு கூறுகளாக்கி, இரண்டு ஈட்டுக் கூறுகளைச் சேர்க்கும் முறையில் ஒன்றரை மடங்கு இடமே போதும். இரண்டு கூறுகள் இழந்தாலும் பதிவு மீளும். ஆயின் கணக்கீட்டுச் சுமை மிகும். கூறுகளைத் தனித்தனியே வைக்க ஆறு கணிப்பொறிகளேனும் வேண்டும்.

தேஜான் தரும் பாடம்

2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜான் நகர் அரசுத் தரவு மையத்தில் மின்கலத் தீ மூண்டது. அறுநூறுக்கும் மேற்பட்ட அரசு அமைப்புகள் நின்றன. அரசு ஊழியர்களின் கோப்புகள் அடங்கிய 858 டெராபைட் சேமிப்பு, வெளியே காப்புப் படி இன்மையால் அழிந்தது. ஒரே கூரையின்கீழ் எத்தனை படிகள் இருப்பினும் தீக்கு அவை ஒரே படிதான். மேலும், தவறுதலாக அழிக்கப்படும் பதிவு எல்லாப் படிகளிலும் அழியும். ஆகவே தனிக் காப்புப் படி இன்றியமையாதது.

இந்தியாவில் தேசிய தகவலியல் மையம் ஐதராபாத் (2008), புனே (2010), தில்லி (2011), புவனேசுவரம் (2018) எனப் பல நகரங்களில் தரவு மையங்களை நிறுவியிருப்பது இந்நோக்கில் பயனுடையது. எத்தனை தட்டுகள் உள்ளன என்பதைவிட, எவையெவை ஒருங்கே பழுதாகக்கூடும் என்ற வினாவே முதன்மையானது. அதற்கு விடை கண்ட பின்னரே கொள்முதல் ஆணையில் ஒப்பமிடுதல் முறையாகும்.